இங்ரிட்டின் சுட்டுவிரல்

பிசியோதெரபி படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “அன்ரி, உங்கட கரியர்ல ஹார்டஸ்ட் கேஸ் எது?” முள்ளந்தண்டு முறிந்தவர், பக்கவாதம் வந்தவர், இயந்திரத்தில் கை அகப்பட்டவர் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்து நிற்பார்கள். நான் ஒரு விரல் என்பேன். வலது கைச் சுட்டுவிரல். ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிய விரல். பிள்ளைகளின் முகம் சப்பென்று போய்விடும்.

இன்றைக்கு அந்தக் கதையை முழுவதுமாகச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று மணிக்கூட்டைப் பார்க்கிறவர்கள் நீங்கள்தான்.

விரலின் சொந்தக்காரி இங்ரிட். சுவீடன்காரி. அவளுடைய விளையாட்டின் பெயர் பயத்லன். துவக்கை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி ஓடுவார்கள். நெஞ்சு வெடிக்குமாப்போல் மூச்சு வாங்குகிற நேரத்தில் ஓரிடத்தில் நின்று, தூரத்தில் வரிசையாக இருக்கும் ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுடுவார்கள். பட்டால் வட்டம் வெள்ளையாகும். படாத ஒவ்வொன்றுக்கும் தண்டனையாக ஒரு சின்னப் பாதையைச் சுற்றிவிட்டுத்தான் மேலே ஓடலாம். ஓடவும் வேண்டும், ஆடாமல் அசையாமல் நிற்கவும் வேண்டும். இதைக் கண்டுபிடித்த மனுஷனுக்கு மனிதப் பிறவியின் மேல் ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும்.

பல குளிர்காலங்கள் தன் நாட்டு அணிக்காக ஓடியவள் அவள். பிறகு அணியில் இடமில்லாமல் போய், கணவனின் வேலையோடு மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்திருந்தாள். விக்டோரியா மலைகளில் பனி விழும் மாதங்களில் இந்த விளையாட்டை நடத்த ஒரு சின்னக் கழகம் இருக்கிறது என்பதே, அதே நகரத்து டண்டினோங்கில் கிளினிக் வைத்திருந்த எனக்கு அவள் வந்த பிறகுதான் தெரியும்.

என் கிளினிக்கில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் தடவை வருகிறவரிடம், நீங்கள் வேலை செய்கிற சாமானைக் கையோடு கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவோம். தையல்காரி கத்தரிக்கோலோடு வருவாள். பேக்கரிக்காரர் தட்டோடு வருவார். ஒரு நாள், தொலைபேசியில் ஆட்களைப் பதிந்துகொண்டிருந்த சறோ அக்கா, தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை லைன்ல நிக்குது. துவக்கைக் கொண்டு வரலாமோ எண்டு கேக்குது. என்ன சொல்ல?”

“என்னக்கா சொல்லுறீங்கள்?”

“நான்தான் வழமை போல வேலைச் சாமானைக் கொண்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டன். நல்ல வேளை, முதல்ல கேட்டிட்டுது.”

வெளியே கதிரைகளில் மன்னாரும் யாழ்ப்பாணமும் முழங்காலைப் பிடித்தபடி வரிசையாக இருந்தன. நடுவில் ஒருத்தி துவக்கோடு நுழைந்திருந்தால் முழங்கால் நோவெல்லாம் பறந்து, அங்கேயே ஓட்டப்பந்தயம் நடந்திருக்கும். வேண்டாம், வெறுங்கையோடு வா என்று சொன்னோம். வந்தவளின் கையில் குசினி கூட்டுகிற தும்புத்தடியைக் கொடுத்து, இதைத் துவக்கென்று நினைத்துக்கொண்டு நின்று காட்டு என்றேன். அவள் சிரிக்கவில்லை. தும்புத்தடியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, சுவரில் தொங்கிய முள்ளந்தண்டுப் படத்தைக் குறிபார்த்து நின்றாள். நானும் சறோ அக்காவும் ஏனோ மூச்சுவிடாமல் நின்றோம். அப்படி ஒரு அமைதி அவளுடைய நிற்பில் இருந்தது.

அவளுடைய முறைப்பாடு இதுதான். போட்டிகளில், நின்றுகொண்டு சுடுகிற நேரத்தில், வலது சுட்டுவிரல் மரத்துப்போகிறது. விசையில் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை. எப்போதிருந்து என்று கேட்டேன். அவள் தயங்காமல் ஒரு போட்டியைச் சொன்னாள்.

அது நாடுகளுக்கிடையிலான அஞ்சலோட்டம். சுவீடன் அணியில் கடைசியாக ஓடியவள் இங்ரிட். கூட ஓடிய மூன்று பெண்களும் பதக்கம் கிடைக்கிற இடத்தில் அவளிடம் ஓட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். கடைசிச் சுடுதளத்தில் ஐந்து சூடு சுட்டாள். ஐந்தும் பட்டன. துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு புறப்பட்ட பிறகுதான், தன் தடத்தின் ஐந்து வட்டங்களும் கறுப்பாகவே இருப்பதைக் கண்டாள். அவள் சுட்டு வீழ்த்தியது பக்கத்துத் தடத்துக்காரியின் இலக்குகளை. ஐந்து தண்டனை வட்டங்களையும் அவள் சுற்றி முடிப்பதற்குள் பதக்கம் போய்விட்டது. கூட ஓடிய பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள்.

“யாராவது என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்,” என்றாள் இங்ரிட். அவள் பேசியது ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன்.

அதற்குப் பிறகு விரல் மரத்தது. கை வைத்தியர் மனசு என்றார். மன வைத்தியர் கை என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் பந்து போல உருண்டு, கடைசியில் அணியிலிருந்தே வெளியே உருண்டு போனாள். இப்போது ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. சுவீடன் அணியின் பயிற்சியாளர் நம் குளிர்காலத்தில் சில வீராங்கனைகளோடு இங்கே பனிப்பயிற்சிக்கு வருகிறார். கழகம் நடத்தும் போட்டியைப் பார்ப்பார். இங்ரிட் நன்றாகச் சுட்டால், அணித் தேர்வில் அவளுக்கு ஓர் இடம் தருவார். இந்த முறை தவறினால் வயது இன்னொரு முறை தராது. அவளும் அதை மறைக்கவில்லை, நானும் இல்லை என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் எனக்குத் தொழில் பழக்கியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் நான் முதலில் வேலை செய்த ஆஸ்பத்திரியில் எனக்கு மேலே ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். சிடுமூஞ்சி. என் ஆங்கிலத்தைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை, என் கேள்விகளைப் பற்றி ஒருநாளும் நல்லது சொன்னதில்லை. ஒரு தடவை நோயாளி ஒருவரிடம் எங்கே நோகிறது, எப்படி நோகிறது என்று நான் துருவிக்கொண்டிருக்க, திரைச்சீலைக்கு வெளியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நோவைப் பற்றி அவர் இதுவரை வந்த எல்லாரிடமும் சொல்லியிருப்பார். எப்போது நோகவில்லை என்று கேள். அதை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.”

அந்தக் கேள்வியைத்தான் இங்ரிட்டிடம் கேட்டேன்.

“பயிற்சியில் மரக்காது,” என்றாள். “நான் தனியாகச் சுடும்போது ஒருநாளும் மரத்ததில்லை.”

இதைக் கேட்டவுடன் உங்களுக்குத் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. பயம். போட்டி என்றால் பயம், தனிமை என்றால் பயமில்லை. கணக்குச் சரியாக வந்துவிட்டது. ஆனால் கணக்கு இவ்வளவு சுகமாக வந்தால் எனக்குத் தொழில் பழக்கிய அந்த அம்மா மூக்கைச் சுளிப்பார். அதனால் மலைக்கு வந்து நீ சுடுவதைப் பார்க்கப்போகிறேன் என்று இங்ரிட்டிடம் சொன்னேன்.

வீட்டில் என் கணவர் தலையில் கைவைத்தார். “துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்தனாங்கள். இப்ப நீர் காசு குடுத்துப் பெற்றோல் அடிச்சு, மலை ஏறிப் போய்ச் சத்தம் கேக்கப் போறீரோ?”

அவர் பகிடியாகச் சொன்னாலும் அதில் உண்மை இருந்தது. சுடுதளத்து வேலியோரம் நான் நின்றபோது முதல் ‘டப்’ கேட்டது. பெரிய சத்தமில்லை, சீனவெடி அளவுகூட இல்லை. ஆனாலும் என் இரண்டு கைகளும் வேலிக்கம்பியை இறுக்கிப் பிடித்துவிட்டன, கால்கள் தாமாகவே மடங்கப் பார்த்தன. எத்தனை வருடத்துக்குப் பிறகு! இங்ரிட் அதைக் கண்டாள். ஒன்றும் கேட்காமல் சறுக்கி வந்து, காதை மூடும் கவசத்தை என் தலையில் மாட்டிவிட்டுப் போனாள். உடம்பு எங்களைக் கேட்டுக்கொண்டு பழையதை நினைப்பதில்லை. அதை அன்று எனக்கு நானே கண்டுகொண்டது பின்னால் உதவியது.

அவள் தனியாகச் சுட்டபோது எல்லாம் நன்றாகவே போனது. கழகத்து ஆட்கள் வந்து பக்கத்துத் தடங்கள் நிறைந்த பிறகுதான் நான் பார்க்க வேண்டியது என் கண்ணில் பட்டது. ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் அவள் துவக்கிலிருந்து கன்னத்தை எடுத்தாள். முகவாய் நாடியை உயர்த்தினாள். தலையை வலப்பக்கம் பின்னுக்கு முறுக்கி, தன் தடத்தின் எண் எழுதிய இலக்கப் பலகையைப் பார்த்தாள். திரும்பி, இலக்குகளுக்கு மேலிருந்த இலக்கத்தைப் பார்த்தாள். பிறகு சுட்டாள். மறுபடி நாடி உயர்ந்தது, தலை முறுகியது.

“நீ இலக்கத்தை எத்தனை தரம் பார்க்கிறாய்?” என்று கேட்டேன்.

“ஒரு தரம். வந்து நிற்கும்போது.”

கைத்தொலைபேசியில் எடுத்ததைக் காட்டினேன். அவள் முழுவதையும் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பிறகு கையுறையால் கண்ணைத் துடைத்தாள்.

கழுத்துப் பாடம் உங்களுக்கு நான் எடுக்கத் தேவையில்லை. மூச்சு வாங்கி இறுகிய கழுத்து, தோளில் துவக்கின் பாரம், அதோடு நாடியை உயர்த்தி ஒரே பக்கம் முறுக்கினால், விரலுக்குப் போகும் நரம்பு நசிபடும். தனியாகச் சுடும்போது பக்கத்துத் தடத்தில் ஆளில்லை, அதனால் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, அதனால் மரக்கவில்லை. படுத்துக்கிடந்து ஸ்கேன் எடுத்தால் இது எப்படித் தெரியும்? மனசு என்றவரும் சரி, கை என்றவரும் சரி. ஒரு நாளின் அவமானம் ஒரு பழக்கமாகி, பழக்கம் கழுத்துக்குப் போய், கழுத்து விரலைப் பிடித்துக்கொண்டது. ‘எல்லாம் மனசுதான்’ என்று ஓர் ஆளை நீங்கள் அனுப்பப் பார்க்கும்போது, மனசு உடம்பின் எந்த வழியால் போயிருக்கிறது என்று தேடிவிட்டு அனுப்புங்கள்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் பயிற்சி. நோயாளிகளுக்கு நான் தமிழில்தான் எண்ணுவேன், அது என் வாய்ப்பழக்கம். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று நான் எண்ண, இங்ரிட்டும் கூட எண்ணப் பழகினாள். ஏழு வந்தால் மட்டும் அவள் நாக்கு தடுக்கி விழும். சறோ அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். போட்டிக்கு முதல் வெள்ளிக்கிழமை அவர் த பேசின் என்ற இடத்திலிருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய், சுவீடன் பிள்ளையின் விரலுக்கென்று ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு வந்தார்.

போட்டி நாள் காலையில் இங்ரிட் என்னிடம் வந்தபோது அவள் முகமே சொல்லிவிட்டது. துவக்கைச் சரிபார்க்கச் சுடுதளத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். எல்லாத் தடங்களிலும் ஆட்கள். அவளையறியாமல் தலை திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறது. விரல் மரத்துப்போயிற்று.

சுடுதளத்துக்குப் பொறுப்பானவர் நேர்மையான மனிதர். “விரலில் உணர்வில்லாத ஆளை நான் சுட விடமாட்டேன்,” என்றார். “மருத்துவப் பொறுப்பு உங்களுடையது. ஓமா, இல்லையா?”

சுவீடன் பயிற்சியாளர் சற்றுத் தள்ளி, தன் தொலைநோக்கியை முக்காலியில் பூட்டிக்கொண்டிருந்தார். இங்ரிட் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ‘இல்லை’ என்று சொன்னால் எனக்கு ஒரு தொல்லையும் வராது. ‘ஓம்’ என்று சொன்னால் அவளுக்கு நான் தெய்வம். இரண்டுமே என்னை நினைத்துச் சொல்கிற பதில்கள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“கொஞ்சம் பொறுங்கோ,” என்றேன்.

“போட்டி பொறுக்காது.”

“தெரியும்.”

அவளை என் காருக்குள் இருத்தி ஹீட்டரைப் போட்டேன். நாடியை உள்ளே இழுத்து, தோளைத் தளர்த்தி, பேசாமல் இருக்கச் சொன்னேன். விரலுக்கு மெல்ல உயிர் வந்தது. கண்ணை மூடச் சொல்லி, என் கோட்டுப் பையிலிருந்தவற்றைச் சுட்டுவிரலால் மட்டும் தொடவைத்தேன். “சாவி,” என்றாள். “மூடி.” பிறகு, “இது மணி. நூலில் கோத்த சின்ன மணிகள்.” என் செபமாலை. விரல் நன்றாகவே இருந்தது.

வெளியே கூட்டிப்போய், சறுக்குத்தடியைத் துவக்குப் போலப் பிடித்துக்கொண்டு வழமை போலத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். சில தரம் திரும்புவதற்குள் விரல் மங்கியது. கழுத்தை விட்டுவிட்டு, கால்களை எடுத்துவைத்து உடம்போடு திரும்பச் சொன்னேன். மங்கவில்லை.

“வந்து நிற்கும்போது ஒரு தரம். காலால் திரும்பிப் பார். இலக்கத்தைச் சத்தமாகச் சொல். தமிழில் சொல், அப்போதுதான் நீ யோசித்துச் சொல்ல வேண்டி வரும். அதற்குப் பிறகு திரும்பாதே.”

“ஒரு தரம் பார்த்தது பிழையாக இருந்தால்?”

“பிழைத்தால் பிழைத்ததுதான்,” என்றேன். “நீ ஆயிரம் தரம் திரும்பிப் பார்த்தாலும் அந்த அஞ்சலோட்டம் திரும்பி வராது, இங்ரிட்.”

நான் இன்னொன்றும் சொன்னேன். துவக்கை முதுகிலிருந்து எடுப்பதற்கு முன், பெருவிரலால் மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். ஒன்றில் உணர்வில்லையென்றாலும் துவக்கைத் தொடாமல் போட்டியை விட்டு விலக வேண்டும். வேலிக்கு வெளியே நிற்கிற எனக்கு உன் விரல் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் என் கண்ணைப் பார்த்துச் சரி என்றாள். பொறுப்பாளரிடம் போய், நிபந்தனையையும் சொல்லி, ஓம் என்றேன். அவர் தானே அவளுக்குப் பின்னால் நிற்பதாகச் சொன்னார்.

கடைசி முறை சுடுவதற்கு அவள் இரண்டாவது ஆளாக வந்தாள். நாலாம் தடம். கால்களை எடுத்துவைத்துத் திரும்பினாள், பார்த்தாள். “நாலு!” என்று கத்தினாள். சுவீடன் பயிற்சியாளர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, இது என்ன பாஷை என்பதுபோல் நிமிர்ந்தார். இங்ரிட்டின் பெருவிரல் நான்கு விரல்களையும் தொட்டது. துவக்கு முதுகிலிருந்து இறங்கியது.

ஒரு வட்டம் வெள்ளையானது. இன்னொன்று. இன்னொன்று. நாலாவது சூட்டுக்கு முன் அவள் நாடி மெல்ல உயர்ந்தது. நான் கத்தவில்லை, கத்தினாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. என் கை கோட்டுப் பையில் செபமாலையைப் பிடித்திருந்தது. நாடி அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கித் துவக்கில் சாய்ந்தது. நாலாவது வட்டமும் வெள்ளை.

ஐந்தாவது சூடு வெடித்தது. வட்டம் கறுப்பாகவே இருந்தது.

போட்டியில் ஓடுகிறவள் நிற்கக்கூடாத அளவு நேரம் அவள் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துவக்கைப் போட்டுக்கொண்டு தண்டனை வட்டத்துக்குள் நுழைந்தாள். அவள் சுற்றும்போது இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். பயிற்சியாளர் முக்காலியை மடக்கத் தொடங்கினார். வட்டம் வேலிக்குக் கிட்ட வளையும் இடத்தில், இங்ரிட் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையை எனக்குக் காட்டி, பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டாள். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.

அணித் தேர்வில் இடம் கிடைக்கவில்லை. பயிற்சியாளர் அன்பாகவே சொன்னார், கையைக் குலுக்கினார், போய்விட்டார். அதுதான் அவள் ஓடிய கடைசிப் போட்டி.

கார் நிறுத்தும் இடத்தில் சறோ அக்கா கட்டித்தந்த ரோல்ஸைத் தின்றுகொண்டிருந்தோம். அக்காவே தொலைபேசியில் வந்தார்.

“பிள்ளை வெண்டுதோ?”

“இல்லையக்கா. கடைசிச் சூடு ஒண்டு தப்பிட்டுது.”

“அப்ப நான் உடைச்ச தேங்காய்?”

“நீங்கள் விரலுக்குத்தானே உடைச்சனீங்கள். விரல் நல்லா இருக்கு.”

தொலைபேசியை வைத்துவிட்டு, அவளுக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். காற்று வந்திருக்கும், மூச்சு அடங்கியிருக்காது என்று என்னென்னவோ. அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

“காற்று இல்லை. நான்தான் விசையை அவசரப்பட்டு இழுத்தேன்,” என்றாள். “வட்டத்தைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரியும், தப்பிவிட்டது என்று. விரலிலேயே தெரிந்தது.”

சொல்லிவிட்டுத் தன் சுட்டுவிரலைப் பார்த்தாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக, மிச்ச ரோல்ஸை அந்தக் கையாலேயே எடுத்துத் தின்றாள்.